அழிப்பானும் அம்பும்

ஒரு காலத்தில், ரொம்பப் பழைய காலம் என்று எண்ணிவிட வேண்டாம், சார்ஜரைக் காணோம் என்று வீடே இரண்டுபடுகிற இந்தக் காலத்தில்தான், தூத்துக்குடியில் ஒரு கைபேசிக்குள் ஓர் அழிப்பான் இருந்தது.

எழுத்துப் பலகையின் வலது ஓரத்தில், வயிற்றில் ஒரு பெருக்கல் குறியோடு அது உட்கார்ந்திருக்கும். எழுத்துகள் எல்லாம் முன்னால் நடந்தால் அது ஒன்று மட்டும் பின்னால் நடக்கும். எழுதியதைத் துடைப்பது அதன் வேலை. அதற்காக அதை யாரும் பாராட்டியதில்லை.

அதற்குச் சற்று மேலே, பச்சை வட்டத்துக்குள் ஓர் அம்பு. எழுதியதைக் கொண்டுபோய் உரியவரிடம் சேர்ப்பது அம்பின் வேலை. அம்புக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெரிய நினைப்பு.

"நீ இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று அம்பு அடிக்கடி சீண்டும். "நான் இல்லாவிட்டால் இவள் சொல்வது எதுவும் இந்தக் கண்ணாடியைத் தாண்டாது."

"நான் இல்லாவிட்டால் எல்லாமே தாண்டிவிடும்," என்று அழிப்பான் சொல்லும்.

இரண்டுக்கும் எஜமான் கட்டைவிரல். அது கண்ணாடிக்கு வெளியே இருந்து வரும், தொடும், போகும். எதைத் தொடுகிறதோ அது வேலை பார்க்க வேண்டும். கட்டைவிரல் ஒரு நாளும் வாய் திறந்து பேசியதில்லை.

கட்டைவிரலுக்குச் சொந்தக்காரி பெர்னதெத். ஐஸ் கம்பெனியில் கணக்கு பார்ப்பவள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவளுக்கு மொட்டை மாடிதான் உலகம். கடற்காற்றும் உப்புத் தண்ணீருமாக இருக்கிற ஊரில் தொட்டிச் செடி வளர்ப்பது லேசுப்பட்ட காரியமா? முதல் வருடம் அவள் வைத்த கறிவேப்பிலைக் கன்று கோபித்துக்கொண்டதுபோல ஒரு சாணுக்கு மேல் வளர மாட்டேன் என்று நின்றது. அப்போதுதான் யாரோ அவளை மாடித்தோட்டக் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார்கள்.

குழுவில் பொள்ளாச்சிப் பக்கத்து நாச்சிமுத்து இருந்தார். ஓய்வுபெற்ற மின்வாரிய லைன்மேன். யார் என்ன கேட்டாலும் பொறுமையாகப் பதில் எழுதுவார். "புளிச்ச மோரைத் தண்ணி கலந்து வேருல ஊத்துங்க அம்மிணி. கோவிச்சுக்கிட்ட கொழந்தைக்குச் சோறூட்டற மாதிரி, அவசரப்படாம ஊத்தோணும்," என்று அவளுக்கு எழுதினார். அவள் ஊற்றினாள். கறிவேப்பிலை துளிர்த்தது.

அதற்குப் பிறகு இருவருக்கும் ஒரு பெரிய வாக்குவாதம் வந்தது. மோர் ஊற்றுவது காலையிலா, வெயில் தாழ்ந்தா என்பதுதான் விஷயம். ஒரு மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் பார்த்தால் இருவரும் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் நின்று படிக்கவே இல்லை. பெர்னதெத் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

நாச்சிமுத்து அப்போது ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்.

"அம்மிணி, இனிமே ஒண்ணு பண்ணலாமுங்களா? என்னைய மறுக்கறதுக்கு முன்னால நான் என்ன சொன்னேன்னு நீங்க திருப்பிச் சொல்லுங்க. சரிதானான்னு கேளுங்க. நான் ஆமாங்கன்னு சொன்னப்பறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. நானும் அப்படியே பண்றேன்."

"சரி அண்ணாச்சி. ஆனா திட்டும்போது குறைக்க மாட்டேன்," என்று அவள் எழுதினாள்.

அந்த வழக்கம் வந்த பிறகு அழிப்பானுக்கு வேலை பெருகியது. ஒருவர் சொன்னதை அவர் வாயாலேயே ஆமாம் என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும் என்றால் சும்மாவா? பெர்னதெத் எழுதுவாள், படிப்பாள், "இல்லை, அவரு இப்படிச் சொல்லலை" என்று முணுமுணுப்பாள், கட்டைவிரல் அழிப்பானைத் தொடும். வேண்டாத சொல் ஒன்று கரையும். மறுபடி எழுதுவாள். எல்லாம் சரியாக வந்தபின் கட்டைவிரல் அம்பைத் தொடும். உரம், பூச்சி, மண், விதை என்று எத்தனையோ சண்டை போட்டார்கள். ஒரு சண்டையிலும் யாருக்கும் முகம் சுண்டவில்லை. கட்டைவிரல் அடிக்கடி பட்டதில் கண்ணாடியில் அழிப்பான் இருந்த இடம் லேசாக மங்கியிருந்தது. அது அழிப்பானுக்குப் பெருமையாக இருந்தது.

அதன் வாழ்நாளிலேயே அது மறக்காத நாள் ஒன்று உண்டு.

ஒரு கோடையில் நாச்சிமுத்துவைப் பல வாரம் குழுவில் காணவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு படம் போட்டார். வரிசையாகத் தொட்டிகள். எல்லாவற்றிலும் காய்ந்த குச்சிகள். கீழே ஒரே வரி: "மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணுமுங்க." வெயிலில் போய்விட்டது என்றுதான் குழுவில் எல்லாரும் நினைத்தார்கள். பெர்னதெத் மட்டும் அவரைத் தனியாகக் கேட்டாள்.

அவர் அவளுக்குத் தனியாகப் பதில் எழுதினார். "வீட்டுக்காரிக்கு முடியாமப் போச்சுங்க. கோயமுத்தூரு ஆஸ்பத்திரியிலயே கெடந்தோம். தண்ணி ஊத்த வீட்ல ஆளில்லை. அவளும் போயிட்டா, அவ வெச்ச செடியும் போயிருச்சு. குழுவுல சொல்லாதீங்க அம்மிணி, எல்லாரும் அனுதாபம் சொன்னா எனக்குத் தாங்காது."

அன்றைக்குப் பெர்னதெத் எழுதிய ஆறுதல்கள் எத்தனை! விதி என்று எழுதினாள், அழித்தாள். கர்த்தர் சித்தம் என்று எழுதினாள், அதையும் அழித்தாள். காலம் ஆற்றும், தைரியமாக இருங்கள், எல்லாம் நன்மைக்கே. ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றாக அழிப்பான் அவற்றைத் திருப்பி அனுப்பியது. கடைசியில் மிஞ்சியது ஒரு சின்ன வரி. "நான் இருக்கேன் அண்ணாச்சி."

அதை அம்பு வாங்கிக்கொண்டு போனது. போய்த் திரும்பியதும், "படித்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்," என்று சொன்னது. அன்று மட்டும் அம்பு அழிப்பானைச் சீண்டவில்லை.

அப்படியே போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

குழு பெருத்தது. யாரோ அதன் இணைப்பை ஊரெல்லாம் பரப்ப, முகம் தெரியாதவர்கள் கும்பல் கும்பலாக வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு ஒரு மஞ்சள் மூஞ்சியும் வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்குமே, அந்த மூஞ்சி. அதற்கு முன்னாலும் அது வந்து போனதுதான். ஆனால் எப்போதாவது வரும், விருந்தாளிபோல. இப்போது வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டதுபோல உட்கார்ந்துவிட்டது.

ஒரு நாள் செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று ஒரு பெண் கேட்டாள். பூச்சி அப்பிய கிளையை வெட்டி எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துச் செடிக்கும் பரவும் என்றார் நாச்சிமுத்து. பெர்னதெத்துக்கு அது பிடிக்கவில்லை. சோப்புத் தண்ணீரும் வேப்பெண்ணெயும் விடாமல் அடித்தால் போதும், வெட்டவே வேண்டாம் என்பது அவள் கட்சி. வழக்கப்படி அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லத்தான் ஆரம்பித்தாள். பாதியில் ஒரு வேடிக்கை தோன்றியது.

"அண்ணாச்சி கையில கத்திரிக்கோல் கெடச்சா போதும், தோட்டத்துக்கே மொட்டை போட்டுருவாரு!"

உண்மையைச் சொன்னால், அதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. நாச்சிமுத்துவே சிரித்தார். "நல்லாத்தான் சொன்னீங்க அம்மிணி," என்றார். ஆனால் அவரோடு சேர்ந்து மஞ்சள் மூஞ்சிகளும் வந்தன. ஒன்று, பத்து, திரை நிறைய. பெர்னதெத் ஐஸ் கம்பெனிக் கணக்கை எத்தனை வருடம் பைசா பிசகாமல் பார்த்திருப்பாள்! ஒருவர் கை தட்டியதுண்டா? பாவம், அவளுக்கு அது புதுசு.

"பார்த்தாயா?" என்றது மஞ்சள் மூஞ்சி. "உனக்கு இப்படி ஒரு திறமை இருப்பது தெரியாமல் இத்தனை நாள் வீணாக்கிவிட்டாயே. இன்னொன்று போடு!"

அவள் இன்னொன்று போட்டாள். அதற்கும் சிரித்தார்கள். அப்புறம் அவள் அழிப்பானைத் தொடுவது குறைந்தது. எழுதியதும் அம்புதான். அம்புக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்போது யார் பெரியவன்?" என்றது.

"எங்கே கொண்டுபோகிறாய் என்று பார்த்துத்தான் போகிறாயா?" என்று அழிப்பான் கேட்டது.

"பார்ப்பது என் வேலை இல்லை. போவதுதான் என் வேலை."

நாச்சிமுத்து மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. "நீங்க சொன்னது, சோப்புத் தண்ணியும் வேப்பெண்ணெயும் அடிச்சா வெட்ட வேண்டாம்ங்கறது. சரிதானுங்களா?" என்று எழுதிவிட்டு அவளுடைய ஆமாமுக்காகக் காத்திருந்தார்.

பெர்னதெத் எழுதினாள்: "ஒவ்வொண்ணுக்கும் ஆமா போட நான் என்ன சாட்சிக் கூண்டுலயா நிக்கேன்?"

மஞ்சள் மூஞ்சி தரையில் விழுந்து புரண்டது. புதியவர்கள் அவருக்கு வாத்தியார் என்று பெயர் வைத்தார்கள். அவர் எது எழுதினாலும் "வாத்தியார் வந்துட்டார், எந்திரிங்க" என்று ஒருவன் போடுவான். அதற்குக் கூட்டமே சிரிக்கும்.

எவ்வளவு நாள்தான் ஒரு மனிதர் பொறுப்பார்? ஒரு சாயங்காலம் நாச்சிமுத்துவும் கொஞ்சம் சூடாகிவிட்டார். "வெளையாட்டுக்கு எழுதறதுல நாலு பேரு சிரிப்பாங்க அம்மிணி. ஆனா நம்மளை நம்பிக் கேட்டவங்க செடியில்ல சாகும்?"

அது பெர்னதெத்துக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததற்குக் காரணம், அது உண்மை. இவள் பேச்சை நம்பிக் கிளையை வெட்டாமல் விட்ட அந்தப் பெண்ணின் செம்பருத்தி, மாவுப்பூச்சி அப்பி முக்கால்வாசி வெளுத்துப்போயிருந்தது.

அவள் முகம் சிவந்தது. "எல்லாரு முன்னாடியும் என்னையச் சொல்லிட்டாருல்ல," என்றாள், பக்கத்தில் இருந்த கணவன் இன்னாசியிடம். இன்னாசி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"யாரு, மோரு அண்ணாச்சியா? அவரு தப்பாப் பேச மாட்டாரே," என்றான்.

"ஒங்களுக்கு ஒண்ணுந் தெரியாது, சும்மா இரிங்க."

கட்டைவிரல் குழுவின் பழைய பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனது. மேலே, மேலே, இன்னும் மேலே. ஓரிடத்தில் நின்றது. வரிசையாகத் தொட்டிகள். எல்லாவற்றிலும் காய்ந்த குச்சிகள்.

அது எந்தப் படம் என்று அழிப்பானுக்குத் தெரியும்.

அவள் அந்தப் படத்தை எடுத்தாள். காய்ந்த தொட்டிகளைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டாள். அடியில் எழுதினாள்: "செடிக்கு வைத்தியம் சொல்ல வந்த பெரிய மனுசரோட சொந்தத் தோட்டம் இதுதான். இவரா நமக்கு வாத்தியார்?"

எழுதிய பிறகு கட்டைவிரல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அவளுக்கு ஞாபகம் இருந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஞாபகம் இருந்தது. குழுவில் சொல்லாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதும் ஞாபகம் இருந்தது. மறந்துபோய்ச் செய்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி இல்லை.

"என்னைத் தொடு!" என்று அழிப்பான் கத்தியது. "ஒரே ஒரு தடவை என்னைத் தொடு! அன்றைக்கு நான் இருக்கேன் என்று எழுதினாயே!"

"எல்லாரும் காத்திருக்கிறார்கள்," என்றது மஞ்சள் மூஞ்சி. "இப்படி ஒன்றை இவர்கள் பார்த்ததே இல்லை."

அம்பு பச்சையாக ஒளிர்ந்துகொண்டு தயாராக இருந்தது.

கட்டைவிரல் இறங்கியது. அம்பின் மேல்.

குழு அதிர்ந்தது. மஞ்சள் மூஞ்சிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. "செமத்தியான அடி", "வாத்தியார் அவுட்" என்று ஆளுக்கொரு வரி. பெர்னதெத் சிரிக்கவில்லை. திரையின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சின்ன எழுத்தில், 'நாச்சிமுத்து எழுதுகிறார்' என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி மறைந்தது.

ஓர் அழிப்பானுக்கு இன்னோர் அழிப்பானின் வேலை தெரியாதா? பொள்ளாச்சிப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில், தன்னைப் போல ஒன்று ஒரு கிழவரின் விரலுக்குக் கீழே மாடாக உழைப்பதை அது உணர்ந்தது. என்னென்ன எழுதினாரோ. என்னென்ன துடைத்தாரோ.

'என் பெண்சாதி சாகக் கிடந்தாள், அதனால் செடி காய்ந்தது' என்று ஒரே ஒரு வரி அவர் எழுதினால் போதும். சிரித்த கூட்டம் அப்படியே திரும்பிப் பெர்னதெத்தைக் கடித்துக் குதறிவிடும். 'இது இந்த அம்மாவுக்கே தெரியும்' என்று இன்னொரு வரி சேர்த்தால் அதற்குப் பிறகு அவள் அந்தக் குழுவில் முகம் காட்ட முடியாது. அவளுக்கும் அது தெரிந்தது.

கடைசியில் அவருடைய பதில் வந்தது.

"படம் எங்க மாடிதானுங்க. நீங்க சொன்னது, தன் செடியக் காயவிட்டவனுக்கு அடுத்தவங்களுக்குச் சொல்லித் தர யோக்கியதை இல்லைங்கறது. சரிதானுங்களா அம்மிணி?"

அவ்வளவுதான். வழக்கப்படி அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அவளுடைய ஆமாமுக்காகக் காத்திருந்தார்.

மஞ்சள் மூஞ்சிக்குக்கூட ஒரு நிமிடம் சிரிப்பு வரவில்லை.

பெர்னதெத் 'இல்லை அண்ணாச்சி' என்று எழுதினாள். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று நினைத்தாள். கட்டைவிரல் அழிப்பானைத் தொட்டது. மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். எத்தனையோ நாள் கழித்து அழிப்பானுக்கு வேலை வந்திருந்தது, ஆனால் அதற்குச் சந்தோஷமாக இல்லை.

அவர் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு குழுவில் ஒரு சாம்பல் நிற வரி வந்தது. 'நாச்சிமுத்து வெளியேறினார்.'

பெர்னதெத் அந்தப் படத்தை எல்லார் திரையிலிருந்தும் நீக்கிப் பார்த்தாள். நீக்கிய இடத்தில் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று ஒரு பலகை முளைத்து, கல்லறைக் கல்போல நின்றது.

"இதை உன்னால் துடைக்க முடியாதா?" என்று அம்பு மெதுவாகக் கேட்டது.

"நீ கொண்டுபோனதை நான் எப்படித் துடைக்க?" என்றது அழிப்பான்.

அதன்பின் ஒவ்வொரு சாயங்காலமும் பெர்னதெத் மாடிக்கு வந்து, கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாச்சிமுத்துவின் தனிப்பக்கத்தைத் திறப்பாள். எழுதுவாள். 'அண்ணாச்சி, என்னை மன்னிச்சிருங்க.' பார்ப்பாள். இது போதாது என்று தோன்றும். அழிப்பாள். 'கோவத்துல செஞ்சிட்டேன்.' சாக்கு சொல்வதுபோல இருக்கும். அழிப்பாள். 'எப்படி இருக்கீங்க?' இதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று அதையும் அழிப்பாள். நாளைக்கு இன்னும் நல்லபடியாக எழுதலாம் என்று கீழே இறங்கிப் போவாள்.

ஒரு காலத்தில் தன்னைத் தொட மாட்டாளா என்று ஏங்கிய அதே அழிப்பான், இப்போது கட்டைவிரல் தன் பக்கம் வருவதைக் கண்டாலே நடுங்கியது.

"நீயாவது கூப்பிடேன்," என்று அம்பிடம் கெஞ்சியது. "கொஞ்சம் பளிச்சென்று ஒளிர்ந்து காட்டேன்."

"ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறேன்," என்றது அம்பு. அதன் பழைய மிடுக்கெல்லாம் போயிருந்தது. "என்னைப் பார்த்தாலே பயப்படுகிறாள். நான் கொண்டுபோனதை அவள் பார்த்துவிட்டாள் அல்லவா?"

"இது சின்ன வரிதானே. தப்பும் தவறுமாக இருந்தால்தான் என்ன?"

"எனக்கென்ன தெரியும்? எதையும் படித்துப் பார்க்காமல் சுமந்தவன் நான்."

இன்னாசி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு நாள் மாடிக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏட்டி, மனசுல உள்ளதை ஒரு வார்த்தை எழுதிப் போட வேண்டியதுதானே. எதுக்கு இந்தப் பாடு படுத?"

"என்ன எழுத? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எழுத?"

"அவரு ஒங்கிட்ட என்னமோ கேட்டாருல்லா? அதுக்குப் பதில் சொன்னியா?"

பெர்னதெத் அவனைப் பார்த்தாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம நீ என்னத்தையோ எழுதி எழுதி அழிக்க. அந்த மனுசன் இன்னும் காத்துக்கிட்டுல்லா இருப்பாரு?"

அவள் அழுதாள். அழுது முடித்தபின் கைபேசியை எடுத்தாள். இந்தத் தடவை எழுத்துகள் தயங்கவில்லை.

'சரியில்லை அண்ணாச்சி. நான் சொன்னது சரியில்லை.'

கட்டைவிரல் அழிப்பானின் பக்கம் வந்தது. கட்டைவிரல் அதைத் தாண்டி மேலே போனது. அம்பைத் தொட்டது.

அம்பு இப்படி ஒரு நாளும் ஓடியதில்லை. கையில் இருப்பது என்ன என்று முதல்முறையாகப் படித்துப் பார்த்துக்கொண்டு ஓடியது.

வரிக்குக் கீழே ஒரு டிக் விழுந்தது.

அவர் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தால் விழுகிற இரண்டாவது டிக்குக்காகப் பெர்னதெத் காத்திருந்தாள். வெயில் இறங்கியது. உப்புக் காற்று எழுந்து கறிவேப்பிலையை உலுக்கியது. டிக் ஒன்றாகவே இருந்தது. மறுநாளும் ஒன்றாகவே இருந்தது. நாச்சிமுத்து தும்பைப்பூ நிற வேட்டியில் நிற்கிற சின்னப் படம் ஒன்று அவர் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். இப்போது அங்கே முகமில்லாத சாம்பல் வட்டம்தான் இருந்தது. அந்தப் படம் எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இன்னாசி பொறுக்க மாட்டாமல் அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தான். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அவன் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலேயே நின்றான்.

"பொள்ளாச்சியில எந்த ஊருன்னு தெரியுமாட்டி? ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்."

இத்தனை வருடத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. அவருடைய மண்ணின் நிறம் தெரியும், அவர் மோர் புளிக்க வைக்கும் பானை தெரியும், செத்துப்போன பெண்சாதி வைத்த செடிகளின் பெயர் தெரியும். ஊர்ப் பெயர் தெரியாது.

"தெரியாதுங்க," என்றாள்.

அவர் எண்ணை மாற்றிக்கொண்டாரோ, கைபேசியே வேண்டாம் என்று விட்டுவிட்டாரோ, இல்லை மனுஷன் இருக்கிறாரோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போயிற்று.

அம்பு மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. கொண்டுபோனதைக் கொடுக்க ஆளில்லாமல் நடுவழியில் நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்தபடியே அழிப்பானைக் கூப்பிட்டது.

"கேட்கிறதா? நீ பிடித்து வைக்க வேண்டியதை அன்றைக்கு நான் கொண்டுபோனேன். நான் கொண்டுபோக வேண்டியதை இத்தனை நாள் நீ பிடித்து வைத்தாய்."

"நாம் என்ன செய்வோம்?" என்றது அழிப்பான். "நாமாகவா செய்தோம்? தொட்டதற்கு வேலை பார்த்தோம்."

இரண்டும் கட்டைவிரலைப் பார்த்தன.

கட்டைவிரல் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியின் மேல் குனிந்து, அந்த ஒற்றை டிக்கைத் தடவிக்கொண்டே இருந்தது, தடவினால் இன்னொன்று வந்துவிடும் என்பதுபோல.